நிராகரிக்கப்பட்ட வரிகள்

என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரில் யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்ல" என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம். அம்மாவிடம் அப்படித் தப்பிக்க முடியாது. "வீடு காலி பண்ணிக் குடுக்கிற வேலை மாதிரிம்மா" என்று ஒருமுறை விளக்கினேன். "ஒரு ஆபீஸ்ல பழைய சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கும். அதுல இருக்கிற கணக்கு வழக்கு எல்லாத்தையும் மூட்டை கட்டி எடுத்துட்டு வந்து புது சாஃப்ட்வேர்ல இறக்கிவைக்கணும்." அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "எல்லாம் உடையாம வந்து சேருமா?"

இந்தத் துறையில் ஒன்பது வருடங்களாக இருக்கிறேன். இதைவிடச் சரியான கேள்வியை எந்த மீட்டிங்கிலும் கேட்டதில்லை. எப்ப முடியும் என்பார்கள், எவ்வளவு ஆகும் என்பார்கள். உடைந்தது எது, அது யாருடையது என்று கேட்பவர்கள் குறைவு.

தரவுத்தளத்துக்குள் தகவல்கள் டேபிள்களாக இருக்கும். பழைய பதிவேடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே ஓடுவது வரி; ஒரு வரி என்றால் ஓர் ஆள். மேலிருந்து கீழே இறங்குவது பத்தி: பெயர், பிறந்த தேதி, முகவரி, போன் நம்பர். பதிவேட்டுக்கும் டேபிளுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. டேபிளுக்குச் சட்டதிட்டங்கள் இருக்கின்றன. தேதிப் பத்தியில் தேதி மட்டும்தான் போகும். பெயருக்கு இவ்வளவு நீளம் என்றால் அதற்கு மேல் ஒரு புள்ளிகூட ஏறாது. இந்தப் பத்தியில் ஒரே மதிப்பு இரண்டுமுறை வரக்கூடாது என்று சொல்லிவைத்தால் இரண்டாவதாக வருபவரை வாசலிலேயே நிறுத்திவிடும்.

டேபிளை வெளியே எடுப்பது ஒரு கட்டளை. மைஎஸ்க்யூஎல்லில் 'செலக்ட் இன்டு அவுட்ஃபைல்' என்று எழுதினால் ஃபைலாக வெளியே வரும். 'லோட் டேட்டா இன்ஃபைல்' என்றால் உள்ளே போகும். போஸ்ட்கிரெஸ்ஸில் 'காப்பி' என்ற ஒரே சொல் இரண்டு திசைக்கும் வேலை செய்யும். ஆரக்கிளுக்கு எஸ்க்யூஎல் லோடர் என்று தனி ஆள். ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு மூட்டை கட்டும் முறையும் உண்டு. ஆனால் அந்த மூட்டையை அந்தந்தக் குடும்பத்துக்காரர்தான் பிரிக்க முடியும். மைஎஸ்க்யூஎல் கட்டியதை ஆரக்கிள் பிரிக்காது. ஒரு குடும்பத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் நடுவில் இருவருக்கும் பொதுவாக ஒன்று வேண்டும். அதுதான் வெறும் எழுத்துகளால் ஆன ஃபைல். பெரும்பாலும் சி.எஸ்.வி. மதிப்புகளுக்கு நடுவே காற்புள்ளி, ஆளுக்கு ஒரு வரி.

இது பழைய பழக்கம். 1972-இலேயே ஐ.பி.எம்.மின் ஃபோர்ட்ரான் கம்பைலர் ஒன்று காற்புள்ளியால் பிரித்த மதிப்புகளைப் படித்தது. ஆனால் இதற்கு இன்னதுதான் விதி என்று ஆர்.எஃப்.சி. 4180 என்ற ஆவணம் வந்தது 2005-இல். அதுவும் கட்டாயத் தரநிலை இல்லை, வெறும் தகவலுக்கு. முப்பது வருடத்துக்கு மேல் உலகத்தின் கணக்கு வழக்கெல்லாம் எழுதப்படாத ஒரு பேச்சுவழக்கில் போய்வந்துகொண்டிருந்திருக்கிறது. இன்றைக்கும் ஜெர்மனியில் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி போடுவதால், அங்கே எக்செல் பிரிப்புக்கு அரைப்புள்ளி போட்டுத் தருகிறது. பெயர் மட்டும் அதே சி.எஸ்.வி.

இந்த ஃபைலுக்கு ஒரு குணம். தன்மேல் எழுதியிருப்பதைத் தவிர அதற்கு எதுவுமே தெரியாது. இது தேதி, இது எண், இது தமிழ் என்ற அறிவெல்லாம் டேபிளோடு அங்கேயே நின்றுவிடும். சாமான் வரும், எது எந்த அறையில் இருந்தது என்ற நினைப்பு வராது.

சில வருடங்களுக்கு முன் சேலம் பக்கத்தில் ஓர் அலுவலகத்தின் உதவித்தொகைப் பதிவேட்டை இப்படி மாற்றிக் கொடுத்தோம். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். மைஎஸ்க்யூஎல்லில் இருந்து ஆரக்கிளுக்கு. இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான வரிகள். வயதானவர்கள், தனித்து வாழும் பெண்கள். வரி ஏறினால் மாதாமாதம் பணம் போகும். ஏறாவிட்டால் போகாது.

*

முதல் சிக்கல் ஒன்றுமே எழுதாத கட்டத்தில் இருந்து வந்தது.

தரவுத்தளத்தில் 'நல்' என்று ஒன்று உண்டு. தமிழில் எழுதினால் ஏதோ நல்ல வார்த்தை போலத் தெரியும். அர்த்தம் 'தெரியாது' என்பது. பூஜ்யம் ஒரு மதிப்பு. வெற்றிடமும் ஒரு மதிப்பு: கேட்டோம், சொல்ல ஒன்றுமில்லை. 'நல்' அப்படியில்லை. அந்த இடத்தில் என்ன இருக்கிறதென்றே தெரியாது என்று ஒப்புக்கொள்வது.

டேபிளுக்குள் இந்த மூன்றும் வேறு வேறாகப் பத்திரமாக இருக்கும். ஃபைலுக்கு வந்ததும் குழப்பம் ஆரம்பிக்கும். இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவில் எதுவும் இல்லையென்றால் அது வெற்றிடமா, தெரியாததா? மைஎஸ்க்யூஎல் 'நல்'லைப் பின்சாய்கோடும் பெரிய 'என்'னும் போட்டு எழுதும். போஸ்ட்கிரெஸ் தன் சி.எஸ்.வி.யில் மேற்கோள்குறி இல்லாத காலியிடத்தை 'நல்' என்றும், உள்ளே ஒன்றுமில்லாத மேற்கோள்குறி ஜோடியை வெற்றிடம் என்றும் எடுத்துக்கொள்ளும். ஆரக்கிளிடம் இந்தப் பேச்சே எடுபடாது. அதற்கு வெற்று எழுத்துச்சரமும் 'நல்'லும் ஒன்றுதான்.

எங்கள் டேபிளில் 'கணவர் பெயர்' என்று ஒரு பத்தி இருந்தது. பழைய அலுவலகத்தில் வேலை பார்த்த ஆப்பரேட்டர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். விசாரித்து, கல்யாணம் ஆகவில்லை என்று சொன்னவர்களுக்கு அந்தக் கட்டத்தை வெற்றிடமாகச் சேமித்தார்கள். இன்னும் விசாரிக்காதவர்களுக்குத் தொடாமல் விட்டார்கள். அது 'நல்' ஆனது. திரையில் இரண்டும் ஒரே மாதிரி வெள்ளையாகத்தான் தெரியும். உள்ளே வேறு வேறு. ஆரக்கிளுக்குப் போனதும் இரண்டும் ஒன்றாகிவிடும். புதிய சாஃப்ட்வேரின் விதியோ, கணவர் பெயர் 'நல்' என்றால் விண்ணப்பம் முழுமையில்லை என்பது. கல்யாணமே செய்துகொள்ளாமல் அறுபது வயதைக் கடந்த பெண்கள் எல்லோரும் ஒரே இரவில் 'விண்ணப்பம் முழுமையில்லை' ஆகியிருப்பார்கள்.

இதைப் பிடித்தது எங்கள் டீம் லீடர். அவரை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். "ஒவ்வொரு பத்தியிலயும் எத்தனை நல், எத்தனை காலின்னு ரெண்டு பக்கமும் எண்ணு" என்றார். எண்ணினோம். பழைய பக்கத்தில் இரண்டு எண்ணிக்கை, புதிய பக்கத்தில் ஒன்று. 'விசாரிக்கப்பட்டது: ஆம் / இல்லை' என்று தனியாக ஒரு பத்தி சேர்க்கச் சொல்லி அக்கா வாதாடினார். மூன்று மீட்டிங் ஆனது. சேர்த்தார்கள்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு பிரபலமான கதை உண்டு. கலிஃபோர்னியாவில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் தன் காருக்கு 'நல்' என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையே பதிவெண்ணாக வாங்கினார். பதிவெண் தெரியாத வண்டிகளின் அபராதச் சீட்டுகளெல்லாம் அவர் வீட்டுக்கு வர ஆரம்பித்தன. பல ஆயிரம் டாலர்கள். 2019-இல் டெஃப்கான் மாநாட்டில் இதை அவரே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். 'தெரியாது' என்பதை ஒரு சொல்லாக எழுதிவைத்தால் அது யாரோ ஒருவரின் பெயராகிவிடும் என்பதுதான் அதில் இருக்கும் சமாச்சாரம்.

தெரியாததைத் தெரியாது என்று பத்திரமாக வைத்திருப்பதற்கு நமக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. புறநானூற்றில் 267, 268 ஆகிய இரண்டு பாடல்கள் கிடைக்கவில்லை. உ.வே. சாமிநாதையர் 1894-இல் அதைப் பதிப்பித்தார். கிடைத்ததை மட்டும் வரிசையாக அடுக்கி எண்ணை மாற்றிப் போட்டிருந்தால் யாருக்கும் உறுத்தியிருக்காது. இன்றைக்கும் 266-க்கு அடுத்து 269 என்றுதான் போகிறது. நடுவில் இரண்டு எண்கள் ஆள் இல்லாமல் நிற்கின்றன. ஏடு சிதைந்த இடங்களில் சொல்லுக்குப் பதில் புள்ளிகள். ஓலையில் இருந்து அச்சுக்கு நடந்த இறக்குமதி அது. அதில் 'நல்' 'நல்'லாகவே வந்து சேர்ந்திருக்கிறது.

*

இரண்டாவது சிக்கலுக்குப் பெயர், "சும்மா ஒரு தடவை எக்செல்ல திறந்து பாத்தேன்."

சி.எஸ்.வி. ஃபைலை இரண்டுமுறை கிளிக் செய்தால் பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் எக்செல் திறக்கும். ஃபைலுக்குத் தெரியாததையெல்லாம் எக்செல் தானாக ஊகிக்கும். எண் மாதிரி இருந்தால் எண். மதுரையின் 0452, முன்னால் இருக்கும் பூஜ்யத்தை இழந்து 452 ஆகும். பன்னிரண்டு இலக்க ஆதார் எண் 1.23457-க்குப் பின்னால் 'இ பிளஸ் 11' என்று சுருங்கித் தெரியும். அப்படியே சி.எஸ்.வி.யாகச் சேமித்தால் கண்ணில் தெரிந்த அந்தச் சுருக்கம்தான் ஃபைலில் போய் உட்காரும். மீதி இலக்கங்கள் போனது போனதுதான். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் நினைவில் வைக்கும். பதினாறு இலக்க வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடும். அந்தப் பூஜ்யத்துடன் வேறு யாருக்காவது ஒரு கணக்கு இருக்கலாம்.

மரபணு ஆய்வாளர்கள் இதோடு ரொம்ப நாள் மல்லுக்கட்டினார்கள். 'செப்ட் 1', 'மார்ச் 1' என்ற மாதிரிப் பெயர்களில் மரபணுக்கள் உண்டு. எக்செல் அவற்றை செப்டம்பர் ஒன்று, மார்ச் ஒன்று எனத் தேதியாக்கிவிடும். எக்செலில் மரபணுப் பட்டியலை இணைத்து வெளியான ஆய்வுக் கட்டுரைகளைச் சோதித்த ஓர் ஆய்வு 2016-இல் வந்தது. சுமார் ஐந்தில் ஒரு பங்கு கட்டுரைகளில் இந்தப் பிழை இருந்தது. கடைசியில் 2020-இல் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு, மரபணுக்களின் பெயர்களையே மாற்றியது. சாஃப்ட்வேர் வளையவில்லை, உயிரியல் வளைந்தது.

அதே 2020-இல் இங்கிலாந்தில் நடந்தது சிரிக்கிற விஷயமில்லை. கொரோனா பரிசோதனை முடிவுகள் ஆய்வகங்களில் இருந்து சி.எஸ்.வி. ஃபைல்களாக வந்தன. அவற்றைப் பொதுச் சுகாதார அமைப்பு பழைய வகை எக்செல் ஃபைலுக்குள் ஏற்றியது. பழைய எக்செலில் ஒரு தாளுக்கு 65,536 வரிகள்தான் இடம். அதற்குமேல் வந்தவை உள்ளே போகவே இல்லை. செப்டம்பர் 25-க்கும் அக்டோபர் 2-க்கும் இடையில் 15,841 தொற்றுகள் தினசரிக் கணக்கில் வராமல் போயின. தொற்று கண்டவர்களுக்கு அவரவர் முடிவு தெரிந்திருந்தது. அவர்களோடு பழகியவர்களைத் தேடிப்போய் எச்சரிப்பதுதான் தாமதமானது. நிரம்பி வழிந்த அந்தத் தாள் 'இடமில்லை' என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும்.

எங்கள் வேலையிலும் ஒருவர் ஃபைலை எக்செலில் திறந்து, அகலத்தைச் சரிசெய்து, அழகாகச் சேமித்து அனுப்பிவைத்தார். அக்கா அந்த மெயிலைப் பார்த்தவுடன் ஃபைலைத் திறக்காமலே அழித்துவிட்டு, பழைய சர்வரில் இருந்து புதிதாக எடுக்கச் சொன்னார். "கை பட்ட ஃபைல் வேணாம்பா."

*

மூன்றாவது, தமிழ்.

தமிழைக் கம்ப்யூட்டரில் எழுதிய வரலாறு அந்த டேபிளுக்குள் அடுக்கடுக்காக இருந்தது. மிகப் பழைய வரிகள் பாமினி எழுத்துருவில் அடித்தவை. பாமினியில் நீங்கள் 'அம்மா' என்று அடித்தால் ஃபைலில் உண்மையில் இருப்பது ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, ஹெச். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேஷம் போட்டுக் காட்டும். எழுத்துரு இல்லாத இடத்துக்கு ஃபைல் போனால் வேஷம் கலைந்துவிடும். இதற்கு நல்ல மருந்து உண்டு. எந்த ஆங்கிலக் குறிக்கு எந்தத் தமிழ் எழுத்து என்ற பட்டியல் இருந்தால் முழுதாக மீட்டுவிடலாம்.

அடுத்த அடுக்கு யூனிகோட். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனால் மைஎஸ்க்யூஎல் 8.0 வரும்வரை, தனியாகச் சொல்லாவிட்டால், டேபிளின் எழுத்துமுறை 'லத்தீன் 1' என்றுதான் அமையும். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கானது. அதற்குள் தமிழைப் போட்டால் பைட்டுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும், ஆனால் அது தமிழ் என்று அதற்குத் தெரியாது. ஏற்றுமதி செய்யும்போது லத்தீன் என்று நினைத்து மொழிமாற்றித் தரும். அப்படி வெளியே வந்த ஃபைலைப் பார்த்திருக்கிறீர்களா? தலையில் ஒரு கீற்று போட்ட ஆங்கில 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', மறுபடி 'ஏ', மறுபடி வட்டத்துக்குள் 'ஆர்'. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். முதல் இரண்டு பைட்டும் எல்லாத் தமிழ் எழுத்துக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. அதைத்தான் லத்தீன் கண்ணாடி அப்படிக் காட்டுகிறது. சேலத்துப் பாட்டிகளின் பெயர்களுக்கெல்லாம் யாரோ டிரேட்மார்க் பதிந்துவைத்த மாதிரி இருக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் இதுவும் மீட்கக்கூடியதே. வந்த வழியே திரும்ப நடந்தால் தமிழ் கிடைத்துவிடும்.

மீட்க முடியாதது கேள்விக்குறி. தமிழே இல்லாத ஓர் எழுத்துமுறைக்கு யாராவது மாற்றச் சொன்னால், தரவுத்தளம் தெரியாத ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு கேள்விக்குறி எழுதும். பைட்டுகள் அங்கேயே அழிந்துபோகும். எங்களுக்கும் முன்னால் யாரோ ஒருமுறை இந்த டேபிளை அப்படி மாற்றியிருக்கிறார்கள். சில வரிகளில் பெயர் என்ற இடத்தில் வெறும் கேள்விக்குறிகள். 'கிருஷ்ணமூர்த்தி' என்றால் பதினைந்து கேள்விக்குறி. இன்னார் என்று தெரியாது, பெயரின் நீளம் மட்டும் தெரியும்.

இதில் எனக்கு உறைத்தது வேறொன்று. லோடர் இந்தக் கேள்விக்குறிகளை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. கேள்விக்குறியும் ஓர் எழுத்துதானே. சட்டப்படி எல்லாம் சரி. அவர்களுக்குக் காகிதப் பதிவேட்டில் இருந்துதான் பெயர் எடுக்க வேண்டியிருந்தது.

*

எல்லாம் தயாரானதும் இறக்கினோம். எஸ்க்யூஎல் லோடர் வேலை முடிந்ததும் ஒரு கணக்கு எழுதிவைக்கும்: இத்தனை வரி படித்தேன், இத்தனை ஏற்றினேன், இத்தனை நிராகரித்தேன். நிராகரித்தவற்றை எறிந்துவிடாது. தனியாக ஒரு ஃபைலில் அப்படியே எழுதிவைக்கும். அதற்கு 'பேட் ஃபைல்' என்று பெயர்.

எங்கள் பேட் ஃபைலில் 412 வரிகள்.

மீட்டிங்கில் 99.8 சதவீதம் என்று திரையில் போட்டார்கள். அலுவலகத்தின் தரப்பில் வந்திருந்தவருக்கு ரொம்பச் சந்தோஷம். "ரெண்டு லட்சத்துல நானூறு தானே சார். ஜங்க் டேட்டாவா இருக்கும். லைவ் போயிடலாம்." அவர் கெட்டவர் இல்லை. பரீட்சையில் 99.8 வாங்கினால் யார் மீதி 0.2-ஐ நினைத்துக் கவலைப்படுவார்கள்? அக்கா மட்டும், "ரெண்டு நாள் குடுங்க, அந்த ஃபைலப் படிச்சிடறோம்" என்றார். 'படிச்சிடறோம்' என்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நாங்கள் வழக்கமாக 'அனலைஸ்' என்போம்.

படித்தோம். 163 வரிகளில் பெயர் நீளம். புதிய டேபிளை வடிவமைத்தவர் பெயருக்கு 40 என்று வைத்திருந்தார். ஆரக்கிள், நீங்கள் தனியாகச் சொல்லாவிட்டால், அதை 40 எழுத்து என்று எடுக்காது, 40 பைட் என்று எடுக்கும். ஆங்கிலத்தில் கிருஷ்ணமூர்த்தி பதினான்கு பைட், தாராளமாக நுழையும். தமிழில் எட்டு எழுத்து, பதினைந்து குறியீடு, 45 பைட். நுழையாது. தன் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்தவர்கள் வெளியே நின்றார்கள்.

48 வரிகள் முகவரியில் உடைந்தவை. யாரோ முகவரிக்கு நடுவில் எண்டர் தட்டியிருக்கிறார்கள். ஃபைலுக்கு எண்டர் என்றால் அடுத்த ஆள். அதனால் அந்த 48 வரிகளில் இருந்தவர்கள் 24 பேர்தான். ஒவ்வொருவரும் இரண்டு துண்டு.

131 வரிகள் போன் நம்பரால் வந்தவை. ஒரு நம்பர் ஒருவருக்குத்தான் என்பது புதிய விதி. அதே நம்பரோடு முதலில் வந்தவர் உள்ளே போய்விட்டார், மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். "டூப்ளிகேட் தானே, தூக்கிடுங்க" என்றார்கள். ஒரே நம்பர் பதினேழு பேருக்கு இருந்தது. நான் அந்த நம்பருக்குப் போன் செய்தேன். பின்னால் பாய்லர் சத்தம் கேட்டது. டீக்கடை.

"யாருங்க வேணும்?"

பெயரைச் சொன்னேன்.

"அந்தாயாவா? ஓட்டு வீட்டுல இருக்கும். போன் கீன் ஏதுங்க அதுங்ககிட்ட? இந்தத் தெருவுல வயசானதுங்க எல்லாத்துக்கும் நம்ம நம்பர்தான் குடுத்திருக்கு. என்ன, பணம் வந்திருச்சான்னு பாக்கணுமா?"

பதினேழு பேரும் பதினேழு வேறு வேறு ஆட்கள். டூப்ளிகேட் ஒருவர்கூட இல்லை.

மீதி 70 வரிகள் தேதி. பழைய டேபிளில் பிறந்த தேதியை வெறும் எழுத்தாகச் சேமித்திருந்தார்கள். அதனால் எதை அடித்தாலும் ஏற்றுக்கொண்டது. நாள் பூஜ்யம், மாதம் பூஜ்யம், பிப்ரவரி 30. ஒரு வரியில் நாள் 32, மாதம் 6. முப்பத்திரண்டா! நான் சிரித்துவிட்டு அதை 'டைப்பிங் பிழை' என்ற கட்டத்தில் போடப் போனேன். அக்கா திரையை எட்டிப் பார்த்தார்.

"ஆனில முப்பத்திரண்டு உண்டுப்பா."

ஜூனில் கிடையாது. ஆனியில் உண்டு. சூரியன் மெதுவாகப் போகும் காலம் என்பதால் ஆனி பல வருடங்களில் 32 நாள் ஓடும். அந்தப் பாட்டி ஆனி 32 என்று சொல்லியிருக்கிறார். கேட்டு எழுதியவர் ஆனி என்றால் ஜூன் என்று 6 போட்டுவிட்டார். தேதியில் பிழையே இல்லை. வேறொரு நாட்காட்டியின் தேதி அது. பாதி மட்டும் மொழிபெயர்க்கப்பட்டு வந்திருக்கிறது.

அந்தப் பாட்டிக்குப் பேத்தியின் நம்பர் இருந்தது. பேசினோம்.

"ஆமாங்கண்ணு, ஆனிக் கடேசி. ஆடி ஒண்ணுக்குத் தேங்கா சுடுவமில்ல, அதுக்கு மொத நா ராத்திரிதான் நான் பொறந்தேன்னு எங்கம்மா சொல்லும். மக்யா நாளு ஊரே தேங்கா சுட்டுக்கிட்டிருக்க, எங்கம்மா மட்டும் படுத்துக் கெடந்துச்சாம்."

இரண்டு லட்சம் வரிகளில் தன் பிறந்த நாளை இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தவர் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்தேன். அந்த டேபிளில் பாதிப் பேருக்கு ஜூன் ஒன்றோ ஜனவரி ஒன்றோ இருந்தது. பள்ளிக்கூடத்திலோ முகாமிலோ யாரோ போட்டுவிட்ட தேதி. அவை எல்லாம் கேள்வியில்லாமல் ஏறின. உண்மையான தேதியைச் சொன்னவரின் வரிதான் நிராகரிக்கப்பட்டது.

இந்த மாதிரி நேரங்களில் வழக்கமாகச் செய்வது, முப்பத்திரண்டை முப்பதாக்கி ஏற்றிவிடுவது. லோடர் வாங்கிக்கொள்ளும். அறிக்கை சுத்தமாகும். அக்கா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "ஃபைல்ல என்ன இருந்துச்சோ அதை அப்படியே ஒரு பத்தியில வை. நாம கண்டுபிடிச்சத பக்கத்துப் பத்தியில வை. பத்து வருசம் கழிச்சு ஒருத்தன் வந்து பாத்தா அவனுக்குப் புரியணும்." அலுவலகம் பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்து ஜூலை நடுவில் வரும் தேதியை உறுதிசெய்தது. பக்கத்துப் பத்தியில் '32-06' இன்னமும் இருக்கிறது.

*

இரண்டு நாள் என்று கேட்டது பதினோரு நாள் ஆனது. பெயரின் நீளத்தை பைட்டில் இருந்து எழுத்துக் கணக்குக்கு மாற்றினார்கள். போன் நம்பர் விதியை எடுத்தார்கள். உடைந்த முகவரிகளை ஒட்டினோம். கடைசியில் ஆறு பேர் மட்டும் மிஞ்சினார்கள். தேதிக்கு வழியில்லை, போன் இல்லை, காகிதத்திலும் தெளிவில்லை. அவர்களை ஒரு தாளில் பட்டியலிட்டு, நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று எழுதி, அலுவலகத்தில் கையெழுத்து வாங்கினோம்.

இப்போது புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது அதிகமில்லை. முதலில் எல்லாப் பத்தியையும் வெறும் எழுத்தாக ஏற்றுக்கொள்ளும் ஒரு தற்காலிக டேபிளில் இறக்கு. சட்டதிட்டங்களை அதற்குப் பிறகு பார்க்கலாம். எழுத்துமுறை எது என்று இரண்டு பக்கமும் வாய்விட்டுச் சொல். காற்புள்ளியும் மேற்கோள்குறியும் எண்டரும் உள்ள ஒரு தமிழ் முகவரியை முதலில் அனுப்பிப் பார். எக்செலில் திறக்காதே. ஒவ்வொரு பத்தியிலும் 'நல்' எத்தனை என்று எண்ணு. தொகை இருந்தால் கூட்டிப் பார்.

பிறகு, சதவீதம் எழுதாதே. எடுத்தது எத்தனை பேர், ஏறியது எத்தனை பேர், ஏறாதது எத்தனை பேர் என்று மூன்று எண்ணிக்கையை எழுது. பின்னிரண்டையும் கூட்டினால் முதலாவது வர வேண்டும். ஏறாதவர்களின் பட்டியலை அறிக்கையோடு சேர்த்துக் குத்திக் கொடு.

அந்த ஆறு பேரில் நான்கு பேரைக் கண்டுபிடித்துவிட்டதாக மூன்று மாதம் கழித்து மெயில் வந்தது. இருவர் அதற்குள் இறந்திருந்தார்கள். நான் கணக்கைத் திருத்தினேன். ஏறியதில் நான்கைக் கூட்டி, ஏறாததில் இரண்டு என்று எழுதி, பக்கத்தில் காரணத்தையும் எழுதினேன். கூட்டிப் பார்த்தால் சரியாக வந்தது.